நாட்டாமை ஜவுபருக்கு ஏணை பார்த்த கதை

1979ஆம் ஆண்டு தை மாதம் முதல் வெள்ளிக்கிழமை, ஜும்ஆத் தொழுகை முடிந்து வந்து, சோறு தின்று, சீமெந்துத் தரையில் பாய் விரித்துப் படுத்த நாட்டாமை ஜவுபர், பின்னேரம் அஸருக்குப் பாங்கு சொல்லும் நேரம் தரைக்குள் நாலு விரல் தாழ்ந்து கிடந்தார். பாயும் அவரோடு தாழ்ந்திருந்தது. தரை வெடிக்கவில்லை. காயாத சீமெந்தில் கோழி மிதித்த மாதிரி தலையும் தோளும் குண்டியும் குதிகாலும் அச்சாகப் பதிந்திருந்தன. மனைவி றபீக்கா கையைப் பிடித்து இழுத்தாள், வரவில்லை. மகள் நதீரா ஓடிவந்து மற்றக் கையைப் பிடித்தாள். இரண்டு பேரும் மூச்சு வாங்க இழுத்து உட்கார வைத்த அந்த நொடியே அவர் பழைய மெலிந்த மனிதராகிவிட்டார். எழும்பி, சாரத்தைத் தட்டி உடுத்திக்கொண்டு பள்ளிக்குப் போனார்.

கல்முனைச் சந்தையில் மூட்டை ஏற்றி இறக்குகிறவர்களுக்கு நாட்டாமை என்று பேர். ஜவுபர் பதினைந்து வயதில் தோள் கொடுத்தவர், அப்போது நாற்பத்தேழு. முந்தின கார்த்திகையில் சூறாவளி அடித்து ஊரைப் புரட்டிப் போட்ட பிறகு நிவாரண லொறிகள் வரிசையாக வந்தன. மா மூட்டை, சீமெந்து, கூரைத் தகரம், பருப்பு. நாற்பது நாள் ஜவுபர் முதுகைக் கீழே வைக்கவில்லை. ஒரு லொறிக்கும் மற்ற லொறிக்கும் இடையில் மதிலோடு சாய்ந்து கண்ணை மூடுவார், அவ்வளவுதான். நாற்பத்தோராம் நாள் படுத்தார், தாழ்ந்தார். ஊரில் யாரும் இதைப் பெரிதாக எடுக்கவில்லை. அந்த மாதம் ஒரு தோணி மாவடிப்பள்ளி வயலுக்கு நடுவில் நின்றது, ஒரு வீட்டுக் கதவு மூன்றாம் தெருவில் இன்னொரு வீட்டுக்குச் சரியாகப் பொருந்தி நின்றது. ஒரு நாட்டாமை நாலு விரல் தாழ்ந்ததை அதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் சின்ன விசயம்.

ஜவுபரோடு சேர்ந்து மூட்டை தூக்கும் றஸாக்தான் அவரை நெல் ஆலைக்குக் கூட்டிப் போய்ப் பெரிய தராசில் ஏற்றினான். நின்றால் நூற்றுப் பத்து றாத்தல். அதே பலகையில் படுக்கச் சொன்னான். ஆலையில் இருந்த படிக்கற்கள் எல்லாம் மற்றப் பக்கம் ஏறின, ஆலைக்காரர் ஏறினார், அவருடைய மேசையும் ஏறியது, தட்டு அசையவில்லை. "மச்சான், நீ படுத்தா முப்பத்திரெண்டு வருசத்துச் சந்தையும் ஒன்னோட படுக்குது," என்றான் றஸாக். "எறக்கினது எல்லாம் எறக்கினதுன்டு நெனச்சம். ஒண்டையும் நீ கீழ வைக்கல்ல போல."

காரணம் தெரிந்தும் தாழ்வது நிற்கவில்லை. ஹோலில் ஒன்று, அறையில் ஒன்று, குசினிக்குப் போகும் வழியில் ஒன்று, வாசலோரம் ஒன்று என்று ஆள் அளவில் நாலு பள்ளம் விழுந்தன. அது றபீக்காவுக்குச் சீதனமாக வந்த வீடு. இந்தப் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான், புருசன் வந்து இருக்கிறவன். மகளுக்குக் கலியாணம் என்றால் அந்த வீட்டை மகள் பேருக்கு எழுதிவிட்டு, தாயும் தகப்பனும் பின்வளவில் ஒரு கொட்டில் போட்டு ஒதுங்குவார்கள். றபீக்கா ஒருநாள் நாலு பள்ளத்தையும் சுற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "இஞ்சாருங்க, இந்தத் தரை எனக்கு எங்கட வாப்பா தந்த தரை. நாளைக்கு நம்மட மகளுக்குக் குடுக்கோணும். நீங்க இப்பிடித் தாழ்ந்து தாழ்ந்து போனா புள்ளைக்கு என்னத்தக் குடுக்கிற, கெடங்கையா?"

ஜவுபர் பாயைச் சுருட்டிக்கொண்டு பின்வளவுக்குப் போனார். அது கடற்கரை மணல். சீமெந்து நாலு விரலில் விட்ட ஆளை மணல் முழுசாக எடுத்தது. மூன்றாம் நாள் மத்தியானம் மூக்கும் கால்விரலும்தான் வெளியில் நின்றன. ஒரு கோழி அவர் வயிற்றுக்கு மேல் இருந்த மணலைக் கிளறிக்கொண்டிருந்தது. நதீரா கண்டு கத்தியபடியால் தப்பினார், சிரட்டையாலும் சட்டியாலும் தோண்டித்தான் எடுத்தார்கள். அன்றிலிருந்து அவர் படுக்கப் பயந்தார். நாட்டாமை வேலை சுபஹுக்கு முன்னமே தொடங்கிவிடும், கொழும்பு லொறிகள் விடியப் பார்த்து வரும். இரவில் மதிலோடு சாய்ந்து கண்ணை மூடுவதோடு சரி, உடம்புக்கு மத்தியானத் தூக்கம்தான் சாப்பாடு. அது போனதும் ஆள் காய ஆரம்பித்தார். நெட்டுக்கு நின்றபடியே கண் சொருகும், ஏறுபலகையில் கால் தவறும். எங்காவது ஆள் இல்லாத இடத்தில் அசந்து சரிந்தால் ஜனாஸாவாக எடுத்து அடக்கவும் மிஞ்சமாட்டார் என்று சந்தையில் பேசிக்கொண்டார்கள். றபீக்காவுக்கும் அந்தப் பயம்தான்.

நிலத்தில் படுக்க முடியாதவன் தொங்கித்தான் படுக்க வேண்டும் என்று முடிவாயிற்று. சூறாவளி வளவில் இரண்டு மரத்தை விட்டு வைத்திருந்தது, ஒரு தென்னை, ஒரு பூவரசு. இரண்டுக்கும் நடுவில் பன்னிரண்டடி. அந்தக் காற்றுக்கே நின்ற மரங்கள் ஆனபடியால் இனி எதற்கும் விழுவதில்லை என்ற மாதிரி நின்றன. கட்ட மரம் இருந்தது. கட்டுவதற்கு ஏணைதான் இல்லை. பிள்ளைக்குச் சீலையில் ஏணை கட்டுவது எல்லாருக்கும் தெரியும். நாற்பத்தேழு வயது ஆளுக்கு எப்படிக் கட்டுவது என்று யாருக்கும் தெரியாது.

இதில் ஜவுபர் ஒரு பிடிவாதம் பிடித்தார். ஏணையில் ஓட்டை இருக்கக் கூடாது. அவர் தோள் கொடுத்த முதல் நாள், முதல் மூட்டை, மைசூர்ப் பருப்பு. சாக்கின் அடியில் ஓட்டை இருந்தது பையனுக்குத் தெரியவில்லை. லொறியிலிருந்து கடை வரைக்கும் கோடு போட்ட மாதிரிப் பருப்பு கொட்டிக்கொண்டே போனது, சந்தைக் கோழிகள் எல்லாம் பின்னால் வந்தன. கடைக்குள் இறக்கும்போது அரை மூட்டைதான் இருந்தது. முதலாளி கன்னத்தில் ஒன்று வைத்தார். அதற்குப் பிறகு முப்பத்திரண்டு வருடமும் எந்தச் சாக்கைத் தூக்கும் முன்னும் உள்ளங்கையால் ஒரு தரம் தடவிப் பார்ப்பார். ஓட்டை கைக்குப் பட்டால் அது தங்கமாக இருந்தாலும் தூக்கமாட்டார். நாட்டாமைமார் எல்லாருக்கும் இந்தத் தடவல் உண்டு. ஜவுபர் பேக்கரியில் வாங்கின பாணையும் தடவிப் பார்த்துத்தான் தின்பார்.

ஆகவே முதல் ஏணை சாக்கில் தைத்தார்கள். புதுச் சாக்கு நாலு, இரட்டை மடிப்பு, றஸாக்கே கோணி ஊசியால் தைத்தான். ஜவுபர் தடவிப் பார்த்தார், ஓட்டை இல்லை. ஏறிப் படுத்துக் கண்ணை மூடி, ஒரு சுருட்டுப் பற்றவைக்கிற நேரம் ஆகவில்லை, நடுவால் பிளந்து கீழே வந்தார். இரண்டாவது நாவிதன்வெளியில் வயல்காரப் போடியார் ஒருவரிடம் கேட்டு வாங்கிய படங்கு, சூடு மிதிக்கும்போது நெல்லுக்குக் கீழே விரிக்கிற தடித்த துணி. அது கிழியவில்லை. ஆனால் அவருடைய பாரத்தை மழைத்தண்ணீர் மாதிரித் தேக்கி வைத்துக்கொண்டது. மத்தியானத்துக்கு மத்தியானம் தொங்கல் இறங்கி, தென்னை இந்தப் பக்கம் வளைந்து வளைந்து, ஒருநாள் அதன் குரும்பை வீட்டு ஓட்டில் தட்டியது. படங்குக்குள் மூச்சு முட்டி, மடித்த பீடா மாதிரிக் கிடந்த ஜவுபரை இரண்டு ஓரத்தையும் பிரித்து எடுத்தார்கள். மூன்றாவது, விரல் போகாத நெருக்கத்தில் பின்னிய கயிற்றுப் படுக்கை, அது முதுகு முழுக்கக் கடியைத் தந்துவிட்டு நாலாம் நாள் அறுந்தது. நாலாவதை றஸாக் பொத்துவிலிலிருந்து கொண்டுவந்தான். அங்கே கடலில் பலகை ஓட்ட வந்த வெள்ளைக்காரன் ஒருவன் கட்டிப் படுத்தது, பரசூட் துணியாம், தண்ணீரும் ஒழுகாதாம். ஜவுபர் அதைத் தடவிவிட்டு முதல் தரமாகச் சிரித்தார். அது அவரை ஏற்றுக்கொண்டு சத்தமில்லாமல் நீண்டது, நீண்டு நீண்டு மணலில் வைத்தது, மணல் எடுத்துக்கொண்டது. பிறகு அதை நதீரா மழைக்கு விறகு மூட வைத்துக்கொண்டாள்.

இப்படி இரண்டு வருடம் போயிற்று. 1981 மாசியில் நதீராவைக் கேட்டு வந்தார்கள். மாப்பிள்ளை காலிதீன், சந்தைக்குப் பக்கத்தில் தையல் கடை, வாயில் ஊசி வைத்துப் பழகியபடியால் அதிகம் பேசாத ஆள். அந்தக் குறையைத் தீர்க்க அவனுடைய உம்மா சுஹறா இருந்தார். வீட்டைப் பார்க்க வந்த சுஹறா வாசலில் செருப்பைக் கழற்றியவர், முதல் பள்ளத்தில் கால் வைத்துச் சரிந்து, இரண்டாவதைக் கண்டு, மூன்றாவதையும் நாலாவதையும் எட்டிப் பார்த்து, முக்காட்டை இழுத்து மூடிக்கொண்டார்.

"என்னகா றபீக்கா இது? ஊட்டுக்குள்ள நாலு கபுறு வெட்டி வெச்சிரிக்கீங்க!"

"கபுறில்ல ராத்தா. இவர் படுத்த எடம்."

"படுத்த எடமா? என்ட மனிசன் நாப்பது வருசமாப் படுக்கிறார், ஒரு பாய் கூட நையல்ல."

சுஹறா கெட்டவர் அல்ல. பெண்ணைப் பிடித்திருந்தது. அடுத்த வருடம் ஹஜ்ஜுப் பெருநாள் வரைக்கும் தவணை தந்தார். தரை மட்டமாக இருக்க வேண்டும், அதற்குப் பிறகு ஒரு விரல்கூடத் தாழக் கூடாது, வளவுக்குள் ஒரு கிணறு வேண்டும், தன் மகன் அடுத்த வீட்டு வாளிக்குக் காத்து நிற்கமாட்டான். கிணறுதான் எல்லாவற்றையும்விட மோசமான பேச்சு. அந்த வளவில் றபீக்காவின் வாப்பா இரண்டு தரம் கிணறு வெட்டி, இரண்டு தரமும் ஆள் உயரத்தில் கருங்கல்லாகப் பார் முட்டி, இரும்பு அலவாங்கு வளைந்து, மூடிவிட்டார். அன்று பின்னேரம் ஜவுபர் ஏணை இல்லாத பூவரசுக்குக் கீழே நின்றபடி, "நான் எங்கயாவது போறன் றபீக்கா," என்றார். "நான் இல்லாட்டித் தரை தாழாது. புள்ளைக்கு நல்லது நடக்கும்."

"எங்க போற? போற எடத்தில படுக்க மாட்டீங்களா?" என்றாள் றபீக்கா. "நாளைக்கு என்னோட வாங்க. இந்தத் தரம் ஏணைய நான் பாக்கிறன்."

மறுநாள் அவள் அவரைப் பாண்டிருப்புக் கடற்கரைக்குக் கூட்டிப் போனாள். அங்கே நல்லரெத்தினம் என்று ஒருவர் மணலில் காலை நீட்டி, பெருவிரலில் நூலைக் கொளுவி, கிழிந்த கரைவலையைப் பொத்திக்கொண்டிருந்தார். பழைய வலை துண்டு துண்டாகக் குவிந்து கிடந்தது. ஜவுபர் ஒவ்வொன்றாக எடுத்துத் தடவினார், ஒவ்வொன்றாக வைத்தார்.

"ஓட்டை இரிக்கி," என்றார்.

நல்லரெத்தினம் நிமிர்ந்து பார்த்து, அண்ணன் முறை வைத்துக் கேட்டார். "காக்கா, ஓட்டை இல்லாட்டி அது வலையா, சாக்கா?"

"சின்னக் கண்ணா ஒண்டும் இல்லியா?"

"இரிக்கு. நெத்தலிக்கு விரிக்கிறது. அதிலயும் ஓட்டைதான், சின்ன ஓட்டை. நீங்க என்ன, தண்ணியையா புடிக்கப் போறீங்க?"

"எங்கட ஆளுக்கு ஓட்டையக் கண்டாக் காய்ச்சல் வரும் தம்பி," என்று சொல்லிக்கொண்டே றபீக்கா குவியலின் அடியிலிருந்து ஒரு துண்டை இழுத்தாள். அதில் ஒவ்வொரு கண்ணுக்குள்ளும் அவளுடைய கை முழங்கை வரைக்கும் போனது. நல்லரெத்தினம் சிரித்தார். அது கரைவலையின் கைப்பக்கம், அதில் ஒரு மீனும் படாது, மீனை வெருட்டி உள்ளே அனுப்புவதுதான் அதன் வேலை, எதையும் பிடித்து வைக்காதபடியால் அது கிழிவதும் இல்லை, தன் தகப்பன் காலத்துத் துண்டு என்றார். எதையும் பிடித்து வைக்காததால் கிழியாது என்றதை றபீக்கா இரண்டாம் தரம் சொல்லச் சொல்லிக் கேட்டாள். கேட்டுவிட்டு அந்தத் துண்டைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்தாள். அவள் எடுத்த துண்டுக்கு நல்லரெத்தினம் ஒன்றும் வாங்கவில்லை. வழிநெடுக ஜவுபர் முணுமுணுத்துக்கொண்டு வந்தார். முப்பத்திநாலு வருடம் ஓட்டைக்குத் தப்பின ஆளை இப்போது ஓட்டைக்கு மேலேயே படுக்கச் சொல்கிறாள் என்று அவருக்கு மெய்யாகவே கோபம்.

மத்தியானம் ளுஹர் தொழுதுவிட்டு வந்து ஏறினார். இரண்டு கையாலும் வலையின் ஓரத்தை இறுகப் பிடித்திருந்தார். முதுகில் பாதிக்குக் கீழே வெறும் காற்று. றபீக்கா பூவரசில் சாய்ந்து நின்றாள், நதீரா தேவைப்பட்டால் தோண்டுவதற்குச் சட்டியோடு நின்றாள். கொஞ்ச நேரத்தில் ஏணைக்குக் கீழே மணலில் தொம் என்று ஒரு சத்தம் கேட்டது. கீழே ஒன்றும் இல்லை. மூட்டையின் அடி அளவில், வட்டமாக, ஒரு பதிவு மட்டும் இருந்தது.

"சீனி," என்றார் ஜவுபர் கண்ணை மூடியபடி. "நேத்து வெள்ளன எறக்கின சீனி மூட்ட." பிறகு இன்னொரு தொம். "இதுவும் சீனி." மூன்றாவதற்கு அவர் பேர் சொல்லவில்லை. குறட்டை வந்திருந்தது. கை இரண்டும் வலையை விட்டுத் தொங்கின. அஸர் வரைக்கும் ஒரு மாதத்து மூட்டை விழுந்தது. றபீக்கா நின்ற இடத்திலேயே இருந்து, முக்காட்டு முனையை வாயில் வைத்துக்கொண்டு, சத்தம் வராமல் அழுதாள். இரண்டு வருடத்துக்குப் பிறகு அவளுடைய நெஞ்சுக்குள்ளும் ஏதோ ஒன்று தொம் என்று இறங்கியிருந்தது.

அதற்குப் பிறகு ஒரு மத்தியானத்துக்கு ஒரு மாதம் என்ற விகிதத்தில் பின்னோக்கி விழுந்துகொண்டே போயிற்று. அன்றன்று தூக்கியது முதலில் விழும், பிறகு பழையவை. யூரியா விழுந்தது, சூறாவளி நிவாரண மா விழுந்தது. சீமெந்து விழுந்த நாட்களில் அடுத்த வீட்டுக் கோப்பைகள் தட்டில் ஆடின. புத்தகப் பெட்டிகள், கருவாட்டுச் சிப்பம், பள்ளி மினாராவுக்குக் கொண்டுவந்த கம்பிக் கட்டுகள். ஒருநாள் விழுந்தது ஒன்று சத்தம் போடவில்லை, நாலு பேர் சேர்ந்து பக்குவமாக வைத்த மாதிரி மெதுவாக மணலில் அமர்ந்தது. எழும்பியதும் ஜவுபர், அது தன் வாப்பாவைக் கபுறடிக்குத் தூக்கிப்போன சந்தூக்குப் பெட்டி என்றார், அன்று பள்ளியில் அதிக நேரம் இருந்தார். அக்கம்பக்கத்தார் தொம் தொம் என்று கேட்பதற்குப் பழகிவிட்டார்கள். சத்தம் தொடங்கினால் சோறு இறக்குவார்கள், நின்றால் தேத்தண்ணிக்கு வைப்பார்கள்.

ஏணைக்குக் கீழே கிடங்கு இறங்கிக்கொண்டே போனது. பக்கத்து மணல் சரியத் தொடங்கியபோது, தரையைப் பூசவந்த மேசன் குணம் எட்டிப் பார்த்துவிட்டு, கொங்கிறீட் வளையம் ஒன்றை வார்த்து உள்ளே இறக்கினார். மூட்டைகள் வளையத்துக்கு நடுவால் சரியாக விழுந்து மண்ணை அமத்த, வளையம் தன்பாட்டில் கீழே போயிற்று. மேலே இன்னொன்று வைத்தார். அந்த வருடத்து நோன்பு மாதத்துக்கு முன்னம் அடியில் பார் முட்டியது. றபீக்காவின் வாப்பாவுடைய அலவாங்கை வளைத்த அதே கல். அதற்கு மேல் இருபது வருடத்து மூட்டைகள் விழுந்தும் அது தூள் தூளாகத்தான் விட்டுக்கொடுத்தது. விழுகிற மூட்டைகளும் குறைந்துகொண்டே வந்தன. ஜவுபர் இப்போது தன் வாலிபத்தை இறக்கிக்கொண்டிருந்தார், அதில் எவ்வளவுதான் இருக்கும்? அடுத்த வருடம், தவணை வைத்த ஹஜ்ஜுப் பெருநாளுக்கு ஒரு மாதம் இருக்கையில் சுஹறா சொல்லாமல் கொள்ளாமல் பார்க்க வந்தார்.

"கெடங்குக்கு மேல மனிசன் தொங்குறாரே!"

"கெணறு வெட்டுறார் ராத்தா," என்றாள் றபீக்கா.

"படுத்துக்கிட்டா?"

"ஓம், படுத்துக்கிட்டுத்தான்."

சுஹறா கொஞ்ச நேரம் குறட்டையைக் கேட்டுக்கொண்டு நின்றார். "நம்மட ஊட்டிலயும் ஒண்டு படுத்துத்தான் கெடக்கு, ஒரு சாணும் வெட்டல்ல," என்று சொல்லிவிட்டு, "தண்ணி வந்தாத்தான் கெணறு," என்று முடித்துக்கொண்டு போனார்.

பெருநாளுக்கு நாலு நாள் இருக்கையில் ஜவுபரிடம் ஒரே ஒரு மூட்டைதான் மிஞ்சியிருந்தது. அது எது என்று அவருக்குத் தெரியும். அன்றைக்கு அவருக்குத் தூக்கம் வரவில்லை. கன்னத்தைத் தடவிக்கொண்டு படுத்திருந்தார். அடியில் பார் இன்னும் ஒரு சாண் தடிப்பில் இருக்கிறது என்று குணம் அளந்து சொல்லியிருந்தார், ஒரு முழு மூட்டை விழுந்தாலும் போதாது, இதுவோ அரை மூட்டை. றஸாக் வந்திருந்தான், குணம் கயிற்றோடு நின்றார், நதீரா குசினிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அஸருக்குப் பாங்கு தொடங்குகிற நேரம் மைசூர்ப் பருப்பு விழுந்தது. அதன் சத்தம் தொம் என்று வரவில்லை. முதலில் கல் பிளக்கிற மாதிரி ஒரு வெடிப்பு, பிறகு, வெகு ஆழத்தில், சளக் என்று ஒன்று. எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். பாருக்கு நடுவில் பிளவு விழுந்து, தண்ணீர் சுழன்று ஏறிக்கொண்டிருந்தது. குணத்துக்கு நம்ப முடியவில்லை. "அரை மூட்டைக்கா உடைஞ்சது?" என்றார்.

"அது அரை மூட்டதான், ஆனா அதத்தான் நான் நிறைய நாள் தூக்கினது," என்று சொல்லிக்கொண்டு ஜவுபர் ஏணையிலிருந்து இறங்கினார். இறங்கும்போது வலையைத் தடவிப் பார்க்கவில்லை.

கலியாணத்துக்கு முந்தின நாள் சுஹறா கேட்டபடி பரீட்சை நடந்தது. புதுத் தரையில், இரண்டு குடும்பமும் சுற்றிவர இருக்க, ஜவுபர் பாய் விரித்து மல்லாந்து படுத்தார். ளுஹரிலிருந்து அஸர் வரைக்கும் படுத்தார். குணம் பக்கத்தில் மட்டப்பலகையை வைத்துக் குந்திக்கொண்டிருந்தார், உள்ளே இருந்த குமிழ் மயிரளவும் நகரவில்லை. பேசாத காலிதீன் கூட, "மாமா நல்லாத் தூங்கிறார்," என்று ஒரு வசனம் பேசினான். சுஹறா, "சரி, கெணத்துத் தண்ணி ஒரு கோப்ப கொண்டாங்க," என்றார். குடித்தார். இன்னொரு கோப்பை கேட்டார்.

வீடு நதீராவின் பேருக்கு எழுதப்பட்டது. ஜவுபரும் றபீக்காவும் பின்வளவுக் கொட்டிலுக்கு ஒதுங்கினார்கள். ஏணையை அவிழ்த்துத் தென்னைக்கும் கொட்டிலின் கப்புத் தூணுக்கும் நடுவில் கட்டிக்கொண்டார்கள். அதில் திங்களும் வியாழனும் றஸாக் வந்து படுப்பான், மற்ற நாட்டாமைமாருக்கும் றபீக்கா நாள் பிரித்துக் கொடுத்திருந்தாள். வெள்ளி மட்டும் ஜவுபருக்கு, அவருக்கு இறக்க ஒன்றும் இல்லை என்றாலும்.

அந்தக் கிணற்றுத் தண்ணீர் நல்ல தண்ணீர், கொஞ்சம் பாரம் கூட. ஒரு வாளி இழுக்க இரண்டு வாளிக்கு உண்டான கைப்பலம் வேண்டும். நதீராவுக்கு அது பழகிப் போயிற்று. 1984இல் ஒரு நாள் சுஹறாவின் வீட்டுக்குப் போனவள், மாமிக்கு உதவியாக அங்கே கிணற்றில் வாளியை விட்டு வழக்கமான பலத்தில் ஓர் இழுப்பு இழுத்தாள். வாளி பறந்து வந்து கப்பியில் மோதி, தண்ணீர் முழுக்க சுஹறாவின் தலையில் கொட்டியது. சுஹறா முக்காட்டைப் பிழிந்து உதறினார். "நாட்டாமையிட புள்ள," என்றுவிட்டு அடுத்த வாளியைத் தானே இழுத்தார்.